பெயர்ச்சீட்டில் இடமில்லாதவர்களுக்கு

அன்பு நண்பர்களுக்கும், முக்கியமாகக் கீழ்வீட்டு அக்காவுக்கும்,

போன்சாய் கண்காட்சியில், நான் தொட்டியில் குட்டையாக வளர்க்கும் மரத்துக்குப் பரிசு அறிவித்து இன்றோடு மூன்று நாளாகிறது. வாழ்த்துச் சொன்னவர்களில் பாதிப் பேருக்குக்கூட நான் இன்னும் பதில் போடவில்லை. போடலாம் என்று உட்கார்ந்தால் கை ஓட மாட்டேன் என்கிறது. "நன்றி" என்று ஒரு சொல் அடித்துவிட்டு நகர்ந்துவிடலாம்தான். ஆனால் எல்லோரும் என்னை வாழ்த்துகிறீர்கள். அங்கேதான் இடிக்கிறது.

நான் படுத்துக் கிடந்த மாதங்களைப் பற்றி இதில் எழுதப் போவதில்லை. உங்களுக்கே தெரியும், பலர் கூடவே நின்றீர்கள். இப்போது எழுந்து நடக்கிறேன், நிறைந்த பூவாளியை ஒரு கையால் தூக்க முடிகிறது, அது போதும். இந்த மடல் மரத்தைப் பற்றியது. இன்னும் சரியாகச் சொன்னால், மரத்தின் பக்கத்தில் வைத்திருந்த அந்தச் சின்னப் பெயர்ச்சீட்டைப் பற்றியது.

சீட்டில் மூன்றே வரி. மரம்: இச்சி. வயது: சுமார் 28. அப்புறம் என் பெயர்.

அந்த 28 வருடத்தில் முதல் 11 வருடம் மரம் என்னிடம் இல்லவே இல்லை. அடிவேர்கள் நாலாபக்கமும் விரிந்து மண்ணைக் கவ்விக்கொண்டிருப்பதை நீங்கள் எல்லோரும் குனிந்து குனிந்து படம் எடுத்தீர்களே, அதில் என் கை படவில்லை. எனக்கு முன்னால் வளர்த்தவர், கன்றாக இருக்கும்போதே வேர்களை ஓர் ஓட்டின் மேல் பரப்பி வைத்து, கீழ்நோக்கிப் போனதையெல்லாம் நறுக்கி, மூன்று முறை மண் மாற்றிச் செய்த வேலை அது. வீடு மாறும்போது தூக்கிக்கொண்டு போக முடியாமல் என்னிடம் கொடுத்தார். நான் வாங்கிக்கொண்டது ஒரு முக்கால்வாசி முடிந்த மரம்.

உலகம் முழுக்க வழக்கம் இதுதான் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். ஜப்பானில் 1934-ல் தொடங்கிய கொகுஃபு கண்காட்சியை, டோக்கியோவின் உவெனோ பூங்காவில் உள்ள கலை அருங்காட்சியகத்தில் பிப்ரவரி மாதங்களில் நடத்துகிறார்கள். போன்சாய் வளர்ப்பவர்களுக்கு அதைவிடப் பெரிய மேடை இல்லை. அங்கேயும் சீட்டில் இருப்பது மரத்தின் சொந்தக்காரர் பெயர்தான். மாதக்கணக்கில் உட்கார்ந்து, கிளைகளை வளைக்கக் கம்பி சுற்றி, பழைய ஊசியிலைகளை ஒவ்வொன்றாகப் பறித்து, மரத்தை மேடைக்குத் தயார் செய்த கலைஞரின் பெயரைச் சீட்டில் தேட வேண்டாம். கலைஞர்களுக்கென்று சகுஃபு என்று தனியாக ஒரு கண்காட்சி உண்டு. சரி, அவர்களுக்காவது அது இருக்கிறது. அந்தக் கலைஞரின் தோட்டத்தில் விடிகாலையில் பூவாளியோடு நிற்கிற சீடனுக்கு? தண்ணீர் ஊற்றப் பழகவே மூன்று வருடம் என்று அவர்களிடம் ஒரு பழமொழி இருக்கிறது. அந்த மூன்று வருடத்துக்கு எந்த மேடையும் கிடையாது.

நான் படுத்துக் கிடந்தபோது என் மரத்துக்குத் தண்ணீர் ஊற்றிப் பார்த்துக்கொண்டது கீழ்வீட்டு அக்காதான். பழகிக்கொள்ள அவர்களுக்கு நான் கொடுத்தது மூன்று வருடம் இல்லை. அரை மணி நேரம்.

அதுவும் நானாகக் கேட்கவில்லை. அவர்களாக மாடிக்கு வந்து, "இதையெல்லாம் யார் பாத்துப்பா?" என்று கேட்டார்கள். அதுவரை எங்களுக்குள் படிக்கட்டில் பார்த்தால் சிரித்துக்கொள்ளும் பழக்கம் மட்டும்தான். நான் அவசர அவசரமாக ஒரு தாளில் பதினான்கு விதிகள் எழுதிக் கொடுத்தேன். அதை இப்போது எடுத்துப் படித்தால் வெட்கமாக இருக்கிறது, ஒவ்வொரு வரியும் ஒரு கட்டளை. தினமும் ஊற்று என்று எழுதாமல், மண்ணைத் தொட்டுப் பார்த்து ஊற்று என்று எழுதியிருந்ததைத்தான் உருப்படி என்று சொல்ல வேண்டும். ஐந்தாவது விதி: மரத்தின் உருவத்தைத் தாண்டி நீளும் எல்லாத் துளிரையும் இரண்டு இலை விட்டுக் கிள்ளிவிடவும். ஒன்பதாவது: புழுவைக் கண்டால் எடுத்து நசுக்கவும்.

அக்கா ஒரு பழைய நோட்டில் குறித்து வைத்திருந்தார்கள். அதை வாங்கி வந்து நேற்று ராத்திரி முழுதும் புரட்டிக்கொண்டிருந்தேன். "காலை ஈரம் இருக்கு, ஊத்தலை." "மதியம் காத்து ஜாஸ்தி, ஊத்தினேன்." "தொட்டியைத் தூக்கிப் பாத்தேன், லேசா இருக்கு." தொட்டியின் எடையை வைத்து ஈரம் கண்டுபிடிக்கலாம் என்று நான் எழுதிக் கொடுக்கவே இல்லை. பதினெட்டாம் நாளில் அவர்களாகவே கண்டுபிடித்திருக்கிறார்கள். எனக்கு அது பிடிபட இரண்டு மரம் செத்திருக்கிறது.

இருபத்து மூன்றாம் நாள் குறிப்பு இது: "இடது கீழ்க் கிளையில் புழு. ரெண்டு. உடம்பெல்லாம் வெள்ளை வளையம், முதுகில் கறுப்பாக் கொம்பு. தாளில் நசுக்கச் சொல்லியிருக்கு." அதோடு நிற்கிறது. அடுத்த நாள்: "நசுக்கலை. மத்த கிளைக்குப் போகாமப் பாத்துக்கிறேன்."

அப்புறம் பத்து நாளைக்குப் புழுக்களின் வரலாறுதான். எந்த இலை போயிற்று, எது மிச்சம், எல்லாம் இருக்கிறது. ஒன்றைப் பறவை கொண்டுபோய்விட்டது. இன்னொன்று அந்தக் கிளையின் நுனித் துளிரில் தலைகீழாகத் தொங்கிக் கூட்டுப்புழுவாகிவிட்டது. "தங்க முலாம் பூசின மாதிரி மின்னுது, என் முகம் தெரியுது" என்று எழுதியிருக்கிறார்கள். பார்த்தவர்களுக்குத் தெரியும், மிகைப்படுத்தல் இல்லை. கறுப்பு இறக்கை ஓரத்தில் வெள்ளைப் புள்ளி வைத்த அந்தப் பட்டாம்பூச்சி, இச்சி போன்ற அத்தி இன மரங்களைத் தேடி வந்து முட்டை வைக்கும். அதன் கூடு அப்படித்தான் கண்ணாடி மாதிரி மின்னும்.

கூடு தொங்குகிற துளிரை எப்படிக் கிள்ளுவது? அக்கா கிள்ளவில்லை. மற்ற எல்லாவற்றையும் விதிப்படி இரண்டு இலை விட்டுக் கிள்ளிவிட்டு, அதை மட்டும் விட்டுவிட்டார்கள். ஒரு வாரத்துக்கு மேல் ஆகிப் பட்டாம்பூச்சி வெளியே வந்து, இறக்கை காய்ந்து, பறந்து போனது. அதற்குள் துளிர் ஒரு முழம் ஓடிவிட்டது. இவ்வளவு பெரிதாக வளர்ந்ததை வெட்டலாமா என்று தாளில் இல்லை. எனவே தொடவில்லை.

நான் திரும்பி வந்த அன்று படியேறி மேலே போனதும் முதலில் கண்ணில் பட்டது அதுதான். நறுக்கென்று முடி வெட்டின தலையில் ஒரு குடுமி மட்டும் நீட்டிக்கொண்டிருப்பதுபோல, இடது பக்கம் மூன்றடிக்கு ஒரு கொப்பு. அக்கா பின்னால் நின்று, "மன்னிச்சுக்கோப்பா, ஒண்ணே ஒண்ணை மட்டும் வெட்டலை. மனசு வரலை" என்றார்கள். நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. நல்லதாக எதுவும் சொல்லியிருக்க மாட்டேன், முகம் காட்டிக் கொடுத்திருக்கும். அதற்காக இப்போது எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்கிறேன் அக்கா.

ஏனென்றால், கிட்டே போய் அந்தக் கிளையைத் தொட்டுப் பார்த்த பிறகுதான் புரிந்தது. கிளை பருத்திருந்தது. பென்சில் கனத்தில் விட்டுவிட்டுப் போனது, அடியில் என் சுண்டுவிரலைத் தாண்டியிருந்தது.

இதில் மாயம் ஒன்றும் இல்லை. ஒரு கிளை பருக்க வேண்டுமானால் அதன் நுனியை ஓட விட வேண்டும். இலை கூடக்கூட அடிப்பக்கம் கனக்கும், கனத்த பிறகு ஓடியதை வெட்டிவிடலாம். மரம் எப்போதும் உச்சிக்கே சத்தைக் கொண்டுபோகும், கீழ்க் கிளைகள் சவலைப் பிள்ளை மாதிரி நிற்கும், ஆகவே கீழே வெட்டாதே, மேலே வெட்டு. புதிதாகச் சேருகிறவர்களுக்கு நானே இதை எத்தனை முறை சொல்லிக்கொடுத்திருக்கிறேன்! ஆனால் என் மரத்தில் செய்யவில்லை. ஏன்? வருடா வருடம் கண்காட்சி வருகிறது. கண்காட்சிக்கு மரம் ஒழுங்காக, உருவம் கலையாமல் இருக்க வேண்டும். ஒரு பக்கம் மூன்றடிக் கொப்போடு மேடையில் வைக்க முடியாது. இந்த வருடம் போகட்டும், அடுத்த வருடம் ஓட விடலாம் என்று ஏழு வருடம் அந்தக் கிளையைக் கிள்ளிக் கிள்ளி ஒல்லியாகவே வைத்திருந்தேன். பரிசு ஆசைதான், வேறு காரணம் சொல்லத் தெரியவில்லை.

கண்காட்சிக்கு ஐந்து வாரம் முன்னால் அந்தக் கொப்பை வெட்டினேன். பால் வடிந்தது. வெட்டு வாய் இன்னும் முழுதாக மூடவில்லை. நடுவர் குனிந்து அந்த இடத்தைப் பார்த்தபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. "இந்த வெட்டு புதுசு" என்றார். பிறகு கிளையின் அடியைக் காட்டி, "ஆனால் இந்தக் கீழ்க் கிளை இப்போதுதான் இந்த மரத்துக்குச் சொந்தமானதாக இருக்கிறது" என்றார். போன வருடம் அதே இடத்தைக் காட்டி, ஒட்டவைத்த மாதிரி இருக்கிறது என்று மதிப்பெண் குறைத்தவர் அவர்.

அக்கா அன்றைக்கு வந்திருந்தார்கள். கூட்டத்தோடு கூட்டமாக நின்று பார்த்தார்கள். பக்கத்தில் யாரோ இரண்டு பேர் அந்தக் கிளையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோதும் வாயைத் திறக்கவில்லை. அவர்கள் கண் கிளையில் வேறு எதையோ தேடியது. கூடு தொங்கிய இடம் வெட்டோடு போய்விட்டதே என்று அப்புறம்தான் எனக்கு உறைத்தது.

அவர்கள் எதுவும் சொல்லாமல் நின்ற விதத்தைப் பார்த்து யமாகி பைன் என்ற ஜப்பானியப் போன்சாய் ஞாபகம் வந்தது. 1625 முதல் தொட்டியில் வளர்கிற மரம், ஒரே குடும்பத்தின் பல தலைமுறைகள் பார்த்துக்கொண்டது. ஹிரோஷிமாவில் குண்டு விழுந்த இடத்திலிருந்து சுமார் 3 கிலோமீட்டரில், ஒரு சுவரின் மறைவில் இருந்து பிழைத்தது. 1976-ல் மசாரு யமாகி அதை அமெரிக்காவுக்கு அன்பளிப்பாகக் கொடுத்தார். அது தப்பிப் பிழைத்த கதை, 2001-ல் அவருடைய பேரன்கள் வாஷிங்டனுக்கு அந்த மரத்தைத் தேடி வந்த பிறகுதான் அங்கே எல்லோருக்கும் தெரிய வந்தது. அக்கா அந்த நோட்டைக்கூட நான் வற்புறுத்திக் கேட்ட பிறகுதான் கொடுத்தார்கள்.

மற்றவர்களுக்கும் நன்றி சொல்லாவிட்டால் பாவம். கம்பி பட்டையைக் கடிக்கத் தொடங்கியதும் அக்கா கூப்பிட்ட உடனே ஓடி வந்து, பிரித்துச் சுழற்றாமல் துண்டு துண்டாக நறுக்கி எடுத்த நண்பருக்கு. தன் மரத்துக்கு வைத்திருந்த மேசையை என் மரத்துக்குக் கொடுத்துவிட்டுச் சாதாரணப் பலகையில் தன்னுடையதை வைத்தவருக்கு. பின் இருக்கையில் தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு வழி முழுக்க அசையாமல் வந்த பையனுக்கு. பாசி ஒட்டிக் கொடுத்த கைகளுக்கு. பெயர் பதிய நாள் கடந்த பிறகும் முகம் சுளிக்காத அமைப்பாளர்களுக்கு. மறந்துபோன யாராவது இருந்தால் திட்டிக்கொண்டே மன்னித்துவிடுங்கள்.

இனிமேல் என் மரம் மேடை ஏறினால் சீட்டில் நான்காவதாக ஒரு வரி எழுதச் சொல்லிக் கேட்கப் போகிறேன். விதியில் இடமில்லை என்றால் தொட்டிக்கு அடியில் நானே எழுதி ஒட்டிவிடுவேன். அந்தக் கிளைக்கு இரண்டு வருடம் கண்காட்சி கிடையாது, ஓடட்டும். வெட்டின வடுவைப் பாசி வைத்தோ திருப்பி வைத்தோ மறைக்கப் போவதும் இல்லை.

இன்னொன்று. வெட்டின கொப்பைத் தூக்கி எறியவில்லை. இச்சிக் கொப்பு மண்ணில் குத்தினால் வேர் விடும். நுனியோடு ஒரு சாண் நறுக்கி, இலையைப் பாதியாகக் குறைத்து, பழைய பிளாஸ்டிக் தொட்டியில் நட்டு நிழலில் வைத்திருந்தேன். நேற்று இரண்டு இலை விரிந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து தருகிறேன் அக்கா. சீட்டு வைப்பதானால் உங்கள் பெயரை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். இந்தத் தடவை தாள் எதுவும் எழுதித் தர மாட்டேன்.

அன்புடன்,
மாடிவீட்டிலிருந்து