ஹெய்ரோவ்ஸ்கி சதுக்கத்துப் பக்கம் குடிபோன மகளுக்கு

அன்புள்ள செல்விக்கு,

அப்பா எழுதுகிறேன். தினமும் வாட்ஸ்அப்பில் பேசுகிறோமே, இதென்ன தனியாகக் கடிதம் என்று கேட்பாய். போன ஞாயிற்றுக்கிழமை நீ ஒரு கேள்வி கேட்டாய்: "வீட்டுக்குப் பக்கத்தில் ஹெய்ரோவ்ஸ்கி சதுக்கம் என்று போர்டு இருக்கிறதுப்பா, நீங்க பாடம் எடுக்கும்போது சொல்வீங்களே, அவரா?" நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா போனை வாங்கி, அங்கே துவரம்பருப்பு என்ன விலை என்று ஆரம்பித்துவிட்டாள். எழுதினால்தான் குறுக்கே யாரும் பேச மாட்டார்கள்.

ஆமாம், அவரேதான். யாரோஸ்லாவ் ஹெய்ரோவ்ஸ்கி. நீ இருக்கும் பிராகிலேயே 1890-இல் பிறந்தவர். 1959-இல் வேதியியலுக்கான நோபல் பரிசு வாங்கினார். செக்கோஸ்லோவாக்கியா என்று ஒரு நாடு இருந்த காலத்தில் அந்த நாட்டுக்குக் கிடைத்த முதல் நோபல் அது. 1922-இல் அவர் கண்டுபிடித்த போலரோகிராபி என்ற சோதனை முறையை எம்.எஸ்ஸி. பிள்ளைகளுக்கு ஓய்வு பெறும்வரை நடத்தினேன். கல்லூரி ஆய்வகத்தின் மூலையில் அந்தக் கருவி இருந்ததே, உனக்கு நினைவிருக்காது. உயரத்தில் ஒரு பாதரசப் புட்டி, அதிலிருந்து ரப்பர் குழாய், நுனியில் மயிரிழை போன்ற துளையுள்ள கண்ணாடிக் குழாய். அதன் வழியே சோதிக்க வேண்டிய கரைசலுக்குள் பாதரசம் சொட்டுச் சொட்டாக விழும். மின்னழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டே போனால், ஓர் இடத்தில் மின்னோட்டம் குபுக்கென்று எழும். எந்த இடத்தில் எழுகிறது என்பதை வைத்து அது ஈயமா, காட்மியமா, துத்தநாகமா என்று சொல்லலாம்; எவ்வளவு உயரம் எழுகிறது என்பதை வைத்து எவ்வளவு இருக்கிறது என்று சொல்லலாம். இங்கே பாதரசச் சொட்டுதான் மின்முனை; ஒவ்வொரு சொட்டும் விழுந்து புதுச் சொட்டு வருவதால், அது அழுக்காவதே இல்லை. திடமான மின்முனையில் பரப்பு கெட்டுப்போய் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விடை வரும். அந்தத் தலைவலியை ஒரு சொட்டு தீர்த்துவிட்டது. வரைபடத்தில் கோடு ரம்பப் பல் மாதிரி ஏறி இறங்கும். பிள்ளைகள் கருவி கெட்டுவிட்டது என்று ஓடிவருவார்கள். கெடவில்லையடா, அது சொட்டு விழும் கணக்கு என்பேன். சிந்திய பாதரசம் தரை விரிசலுக்குள் போய் ஒளிந்துகொள்வதுதான் பெரிய தொல்லை.

சரி, உனக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்ட ஆள் இவர் இல்லை. அதே சதுக்கத்தில் 2-ஆம் எண் கட்டடத்தைப் பார்த்திருப்பாய். பிளாஸ்டிக் போன்றவற்றை ஆராயும் பெருமூலக்கூறு வேதியியல் நிறுவனம் அங்கேதான் இருக்கிறது. அதைத் தொடங்கி நடத்தியவர் ஓட்டோ விக்டர்லே. தினமும் காலையில் நீ கண்ணில் வைத்துக்கொள்கிறாயே, அந்த மென்மையான கான்டாக்ட் லென்ஸ், அவர் செய்தது.

1952-இல் ரயிலில் வரும்போது சக பயணி ஒருவரோடு பேச்சு வந்தது. கண் குழிக்குள் பொருத்தும் உலோகத்தைப் பற்றிய பேச்சு. உலோகம் எதற்கு, தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும் மெத்தென்ற பிளாஸ்டிக் உடம்புக்கு ஒத்துப்போகுமே என்றாராம் இவர். விக்டர்லேயும் த்ரஹொஸ்லாவ் லீம் என்பவரும் சேர்ந்து அப்படி ஒரு பொருளைச் செய்தும் காட்டினார்கள். எடையில் ஏறக்குறைய நாற்பது சதவீதம் தண்ணீர், ஆனாலும் உருக்குலையாது. ஆனால் அச்சில் வார்த்து லென்ஸ் ஆக்கினால் வெளியே எடுக்கும்போது ஓரம் கிழிந்துவிடும். மேலிடமும் இது தேறாது என்று திட்டத்தை நிறுத்திவிட்டது.

மனிதர் விடவில்லை. 1961 கிறிஸ்துமஸ் சமயம், வீட்டுச் சமையலறை மேசையில், பிள்ளைகள் வைத்து விளையாடும் மெர்குர் என்ற உலோகத் துண்டு செட்டையும் சைக்கிள் டைனமோவையும் எடுத்து ஒரு கருவி கட்டினார். சுழலும் குட்டி அச்சில் திரவத்தை ஒரு சொட்டு விட்டால், சுழலும் வேகத்திலேயே அது குழிந்து லென்ஸ் வடிவம் எடுத்து அப்படியே இறுகிவிடும். அச்சில் போட்டு அமுக்கவே வேண்டாம். ஓரமும் வழவழப்பாக வந்தது. முதலில் நான்கு லென்ஸ். அடுத்த சில மாதங்களில் மனைவியும் கூடச் சேர்ந்து அந்த மேசையிலேயே ஆயிரக்கணக்கில் செய்தார்கள்.

அந்த ஆளை அரசாங்கம் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமில்லை. 1939-இல் ஜெர்மானியர்கள் செக் பல்கலைக்கழகங்களை மூடியதும் ஸ்லீன் நகரத்தில் பாட்டா கம்பெனியின் ஆய்வகத்துக்குப் போனார். 1942-இல் ஜெர்மானிய ரகசியப் போலீஸான கெஸ்டாபோ பிடித்து உள்ளே வைத்தது. 1958-இல் கம்யூனிஸ்ட் ஆட்சி பேராசிரியர் வேலையைப் பறித்தது. 1968-இல் சீர்திருத்தம் கேட்ட அறிக்கையில் கையெழுத்திட்டதால் அந்த நிறுவனத்தின் இயக்குநர் பதவியும் போயிற்று. லென்ஸ் காப்புரிமையை அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமலே 1965-இல் அமெரிக்கக் கம்பெனிக்கு விற்றுவிட்டார்கள். 1971-இல் அங்கே விற்பனைக்கு அனுமதி கிடைத்த பிறகு உலகம் முழுவதும் போயிற்று. அவர் கைக்கு வந்தது சொற்பம். எனக்கு இதில்தான் வயிற்றெரிச்சல்.

பாட்டா என்றதும் சொல்லிவிடுகிறேன். அது வங்காளத்துக் கம்பெனி என்றுதான் உன் தாத்தா கடைசிவரை சாதித்தார். கல்கத்தாவுக்குப் பக்கத்தில் பாட்டாநகர் இருப்பதால் வந்த நம்பிக்கை. தொடங்கியது 1894-இல், ஸ்லீனில்தான், தோமாஷ் பாட்டாவும் உடன்பிறந்தவர்களும். அதே தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்த எமில் ஸாடோபெக் என்ற பையனை ஓட்டப் பந்தயத்தில் கட்டாயப்படுத்தி இறக்கிவிட்டார்கள். பிற்பாடு 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 5,000 மீட்டர், 10,000 மீட்டர், மாரத்தான் மூன்றிலும் தங்கம் வாங்கினான். மாரத்தான் அவன் அதுவரை ஓடியதே இல்லை!

அம்மா ஒரு பெயர் சேர்க்கச் சொல்கிறாள்: அன்டோனீன் ஹோலீ என்ற செக் வேதியியலாளர். அவளுக்கும் இந்தப் பெயர் இப்போதுதான் தெரியும், மருந்தைத்தான் வருஷக்கணக்காகத் தெரியும். ஹெச்.ஐ.வி. தொற்றியவர்களுக்கான ஏ.ஆர்.டி. சிகிச்சை மையத்தில் அவள் மருந்து கொடுத்துக்கொண்டிருந்த காலத்தில், முன்பு தந்த ஸ்டாவுடின் மாத்திரையால் பலருக்குக் கன்னம் ஒட்டிப்போகும். முகத்தைப் பார்த்தே பக்கத்து வீட்டுக்காரர்கள் நோயைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று பயந்து, மருந்து வாங்க வராமல் போனவர்களை அவள் அறிவாள். அதை மாற்றி டெனோஃபோவிர் வந்தது. அந்த மூலக்கூறு ஹோலீ பிராகில், பெல்ஜியத்தின் எரிக் டி கிளெர்க்கோடு சேர்ந்து உருவாக்கியது. 2009-இல் நம் காப்புரிமை அலுவலகம், அந்த மருந்தை விற்ற அமெரிக்கக் கம்பெனி அதற்குக் காப்புரிமை கேட்டுப் போட்ட விண்ணப்பங்களை நிராகரித்தது. இங்குள்ள கம்பெனிகள் குறைந்த விலையில் அந்த மாத்திரையைச் செய்து ஆப்பிரிக்காவுக்கும் அனுப்பின.

இந்த முறை பணம் மொத்தமாகக் கைவிட்டுப் போகவில்லை. ஹோலீ வேலை பார்த்த நிறுவனத்துக்கு உரிமத் தொகை வந்துகொண்டே இருந்தது. அதில் புதுக் கட்டடங்கள் எழுந்தன. அவர் 2012 ஜூலை 16 அன்று இறந்தார். ஹெச்.ஐ.வி. தொற்றாமல் தடுக்கவும் அவருடைய மருந்து அடங்கிய மாத்திரையைத் தரலாம் என்று அமெரிக்கா அனுமதி கொடுத்ததும் அதே நாளில்தான்.

அந்த நிறுவனம் டெய்விட்ஸேயில் இருக்கிறது, உன் வீட்டிலிருந்து தூரமில்லை. அந்தப் பக்கம் போனால் வெளியிலிருந்து ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. அம்மாவின் நம்பருக்கே அனுப்பிவிடு. எனக்கு அனுப்பினால் நான் காட்ட மறந்துவிட்டேன் என்று அதற்கும் ஒரு பாட்டு விழும்.

அன்புடன்,
அப்பா