பாட்டிலில் தண்ணீர் ஏன் அப்படியே இருக்கிறது?

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

கத்திரி முடிந்தும் வேலூர் வெயில் குறையவில்லை. சென்ற வாரம் பள்ளி விடும் நேரத்தில் வாசலில் நின்று ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புப் பெண்பிள்ளைகளின் தண்ணீர் பாட்டில்களை வாங்கிப் பார்த்தேன். காலையில் நீங்கள் நிரப்பிக் கொடுத்த தண்ணீர் பலரிடம் அப்படியே இருந்தது. கேட்டால், "தாகமே எடுக்கல டீச்சர்" என்கிறார்கள். எல்லோரும் போன பிறகு ஒரு பிள்ளை மட்டும் கிட்டே வந்து, "குடிச்சா பாத்ரூம் போகணுமே டீச்சர்" என்றாள்.

அந்தப் பேச்சு என்னை விடவில்லை. தினமும் பிரேயரில் "நிறைய தண்ணீர் குடியுங்கள்" என்று சொல்கிறேன். குடித்த பிள்ளை எங்கே போகும் என்று நான் யோசிக்கவே இல்லை. மறுநாள் போய்ப் பார்த்தால், பெண்கள் கழிப்பறையில் ஒரு கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. தொட்டித் தண்ணீரும் மதியத்தோடு தீர்ந்துவிடுகிறது. இது பள்ளியின் தவறு, முதலில் என் தவறு. தாழ்ப்பாள் அன்றே போட்டாயிற்று. பகல் 12 மணிக்கும் ஒருமுறை மோட்டார் போடுகிறோம். சாப்பாட்டு நேரத்துக்குப் பிறகு இன்னொரு முறை கழுவிவிடவும், மாதவிடாய் நாட்களுக்காக மூடி போட்ட குப்பைக்கூடை வைக்கவும் ஏற்பாடு செய்துவிட்டேன்.

தண்ணீர் குடிக்காமலும் சிறுநீரை அடக்கிக்கொண்டும் இருக்கும் பிள்ளைக்கு நீர்க்கடுப்பு வரும். கவனிக்காவிட்டால் காய்ச்சல் வரை போகும். மலச்சிக்கலும் சேர்ந்துகொள்ளும். "தலை வலிக்குது", "தலை சுத்துது" என்று என் அறைக்கு வரும் பிள்ளைகளிடம் கடைசியாக எப்போது தண்ணீர் குடித்தாய் என்றுதான் முதலில் கேட்கிறேன். பெரும்பாலும் பதில் வருவதில்லை. பாடம் மண்டையில் ஏறாததற்கும் சில நாள் இதுவே காரணம்.

கேரளப் பள்ளிகளில் 2019-இல் தண்ணீர் குடிப்பதற்கென்றே மணி அடிக்கத் தொடங்கினார்கள். நம் மாநிலத்திலும் 2025 முதல் அந்த வழக்கம் வந்துவிட்டது. நம் பள்ளியில் காலை 11, பகல் 1, பிற்பகல் 3 மணிக்கு அடிக்கிறோம். இனி அந்த நேரத்தில் குடிக்கவும் போய்வரவும் சேர்த்தே விட வேண்டும், பாடம் நடக்கும்போது கேட்டாலும் மறுக்கக் கூடாது என்று ஆசிரியர்களிடம் சொல்லியிருக்கிறேன். யாராவது மறுத்தால் என்னிடம் சொல்லுங்கள்.

ஒன்பதிலிருந்து பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு, சாப்பாட்டில் கிடைப்பதையும் சேர்த்து, நாளொன்றுக்குச் சுமார் 2 லிட்டர் நீர் தேவை. வெயிலில் ஓடி விளையாடும் நாளில் இன்னும் கூடுதலாக வேண்டும். அளந்து பார்க்க வேண்டாம். சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் சரி. அடர் மஞ்சளாக இருந்தால் தண்ணீர் போதவில்லை. இதைப் பிள்ளைகளுக்கே சொல்லிக்கொடுங்கள், கூச்சப்பட ஒன்றுமில்லை. காய்ச்சி ஆறவைத்த தண்ணீரே போதும். காலையில் நீராகாரம், மாலையில் நீர்மோர், வெள்ளரி, கிடைத்தால் நுங்கு. கடையில் விற்கும் கலர் வேண்டாம், 300 மில்லி பாட்டிலிலேயே ஏறக்குறைய 30 கிராம் சர்க்கரை இருக்கிறது.

அப்புறம், வயிற்றுப்போக்கு வந்தால், உடல் இழந்த நீரையும் உப்பையும் ஈடுகட்ட, மருந்துக்கடையில் ஓ.ஆர்.எஸ். பொடி என்றே கேட்டு வாங்குங்கள். உறையில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் ஒரு பொட்டலம் முழுவதையும் கரைக்க வேண்டும். பாதிப் பாதியாகக் கலக்கக் கூடாது. பெட்டியில் அடைத்த இனிப்புப் பானங்கள் சில அந்தப் பெயரைப் போட்டுக்கொண்டே பல வருடம் விற்றன. 2025 அக்டோபரில்தான் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அதைத் தடுத்தது. அந்தப் பானங்கள் மருந்தல்ல.

இதயம், சிறுநீரகம் சம்பந்தமாக, இவ்வளவுதான் குடிக்க வேண்டும் என்று டாக்டர் அளவு சொல்லியிருந்தால் வகுப்பாசிரியரிடம் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். சாயங்காலம் பையிலிருந்து பாட்டிலை எடுத்துப் பாருங்கள். தண்ணீர் அப்படியே இருந்தால் திட்டாதீர்கள். பள்ளியில் பாத்ரூம் எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். பிள்ளை சொல்வதை எனக்குச் சொல்லுங்கள். அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இன்னொரு தண்ணீர்த் தொட்டி வைப்பதைப் பற்றிப் பேசப் போகிறோம். அம்மாக்கள் அவசியம் வாருங்கள். கூட்டத்துக்கு முன் கழிப்பறையை நீங்களே ஒருமுறை பார்த்துவிட்டு வந்து உட்காருங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியை