ஹாப்பருக்குள் ஆளை இறக்காதீர்கள்

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் கல் உடைக்கும் கிரஷரும் எம்-சாண்ட் ஆலையும் நடத்துகிற உரிமையாளர்களுக்கும், ஷிப்ட் பார்க்கிற மேற்பார்வையாளர்களுக்கும்,

வணக்கம்.

சூளகிரி, பர்கூர், தேன்கனிக்கோட்டை என்று எந்தப் பக்கம் ஆலை வைத்திருந்தாலும் இது உங்களுக்குத் தெரிந்த தொல்லைதான். பாறையை உடைத்துச் செய்கிற மணலான எம்-சாண்ட், கழுவின ஈரத்தோடு ஹாப்பரில், அதாவது அடியில் திறப்புள்ள புனல் மாதிரிக் கலத்தில், அடைத்துக்கொள்ளும். கீழே மணலை எடுத்துப்போகிற பெல்ட் காலியாக ஓடும். உடனே ஓர் ஆளிடம் கடப்பாரையைக் கொடுத்து, "ஏறிக் குத்தி விடுப்பா" என்று அனுப்பிவிடுகிறோம். இந்த வழக்கத்தை இன்றோடு நிறுத்துங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

குவிந்து கிடக்கும் மணல் கல்லைப் போல நிற்கும். திறப்புக் கிடைத்தால் தண்ணீரைப் போல ஓடும். ஆனால் தண்ணீர் மாதிரியே நடந்துகொள்ளாது, ஆபத்து அங்கேதான். தண்ணீர்த் தொட்டியில் மட்டம் இறங்க இறங்கக் குழாயில் வேகம் குறையும். ஹாப்பரிலோ மணல் நிறைய இருந்தாலும் பாதி இருந்தாலும் ஏறக்குறைய ஒரே வேகத்தில்தான் கொட்டும். அதனால் பெல்ட்டைப் பார்த்து உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்லவே முடியாது. யான்சென் என்ற ஜெர்மன் பொறியாளர் தானியக் கிடங்குகளைப் பற்றி 1895-இல் விளக்கியது இது: உள்ளே இருக்கும் எடையில் பெரும்பகுதியை உராய்வினால் பக்கச் சுவர்களே தாங்கிக்கொள்கின்றன.

அந்தச் சுவர்ப்பிடிதான் அடைப்பையும் உண்டாக்குகிறது. துகள்கள் ஒன்றையொன்று நெருக்கி, திறப்புக்கு மேலே வளைவு கட்டி நின்றுவிடும். காய்ந்த ஜல்லியில், திறப்பின் அகலம் கல்லின் அளவைப் போல ஐந்தாறு மடங்குக்குக் கீழே போனால் இது சுலபமாக நடக்கும். எம்-சாண்டில் 4.75 மில்லிமீட்டருக்கும் சிறிய துகள்களை ஈரம் ஒட்டவைப்பதால் அகலமான திறப்பிலும் நடக்கும். அடியில் இருந்த மணல் போய்விட, வளைவுக்குக் கீழே வெறும் பள்ளம். மேலே நிற்பவர் காலுக்கு அது கெட்டித் தரை.

வளைவு உடைந்தால் ஓரத்து மணல் அசையாது. நடுமணல் மட்டும் புனல் போலக் குழிந்து இறங்கும், ஆளையும் சேர்த்து. சில நொடிகள் போதும். உடம்பைவிட மணல் கனம், மிதந்துவிடலாம் என்று கணக்குப் போட வேண்டாம். கீழே இழுக்கிற ஓட்டத்தில் அது பலிக்காது. ஓட்டம் நின்றதும் மணல் மறுபடி இறுகிவிடும். நெருங்கி அடைந்து கிடக்கும் துகள்கள் நகர வேண்டுமென்றால் முதலில் விரிந்து இடம்விட வேண்டும் என்று 1885-இலேயே ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் காட்டினார். இடுப்புவரை புதைந்தவரைக் கயிறு கட்டி இழுத்தால் வராததற்குக் காரணம் அதுதான். பலத்தோடு இழுத்தால் உடம்புதான் சேதமாகும். மார்புவரை போய்விட்டால், ஒவ்வொரு முறை மூச்சை விடும்போதும் மணல் அந்த இடத்தில் வந்து அடைத்துக்கொள்ளும். அடுத்த மூச்சுக்கு இடம் இருக்காது. எழுதும்போதே நெஞ்சு பதைக்கிறது.

சரி, அடைப்பை எடுப்பது எப்படி? ஹாப்பர் வாய்க்கு ஆள் விழாத அளவுக்குக் கம்பிச் சட்டம் போடுங்கள். பக்கச் சுவரில் துளை வைத்து, வெளியே நின்றே குத்த வழி செய்யுங்கள். வைப்ரேட்டர் வைத்தால், கீழ்க்கதவு திறந்திருக்கும்போது மட்டும் ஓட்டுங்கள். மூடிவைத்து அதிரவிட்டால் மணல் இன்னும் இறுகும். இறங்கித்தான் ஆகவேண்டும் என்றால், முதலில் பெல்ட்டை நிறுத்தி மின்சாரத்தைத் துண்டித்துப் பூட்டுப் போடுங்கள். சாவி இறங்குகிறவர் சட்டைப்பையில் இருக்கட்டும். மேலே உறுதியாகக் கட்டிய பாதுகாப்புப் பெல்ட்டும், பார்த்துக்கொண்டே நிற்க இன்னோர் ஆளும் வேண்டும். அப்போதும் வளைவின் மேலேயோ அடியிலேயோ யாரும் நிற்கக்கூடாது.

அப்புறம் ஒன்று. நம் ஆலைகளில் தமிழ், தெலுங்கு, கன்னடம் பேசுகிறவர்களோடு ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் ஆட்களும் வேலை செய்கிறார்கள். ஹாப்பர் ஏணியின் அடியில் எச்சரிக்கைப் பலகையைத் தமிழில் மட்டும் வைக்காமல், அவரவர் மொழியிலும் படத்தோடும் வையுங்கள். ஷிப்ட் மாறும்போது மேற்பார்வையாளரே அதை வாய்விட்டுச் சொல்லட்டும்.