சின்னவனின் கேள்விக்குப் பதில்

உவர்மலை,
திருகோணமலை.

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் இருவரும் சுகம். ஐப்பசி மழை பிடித்துவிட்டது. பின் வளவுக் கிணற்றில் தண்ணீர் இரண்டு முழம் ஏறியிருக்கிறது. மற்றச் செய்திகளையெல்லாம் அம்மா உனக்குத் தொலைபேசியில் சொல்லியிருப்பார் என்பதால் நான் நேரே விடயத்துக்கு வருகிறேன்.

போன மாதம் சின்னவன் என்னிடம் ஒரு கேள்வி கேட்டான். வயிற்றுக்குள் இருப்பதை ஒலியைக் கொண்டு எப்படிப் படம் பிடிக்கிறார்கள் என்று பள்ளிக்கூடச் செயற்றிட்டம் ஒன்றுக்கு எழுத வேண்டுமாம். நீதான் ‘அப்பப்பாவிடம் கேள்’ என்று சொன்னாயாம். அதைக் கேட்டு எனக்கு வந்த சந்தோசத்தை மறைக்க மாட்டேன். முப்பத்தொரு வருடம் உயர்தர வகுப்புக்குப் பௌதிகவியல் படிப்பித்தவனிடம் இப்போது மருந்துக் குளிசையின் நேரத்தைத் தவிர யாரும் எதையும் கேட்பதில்லை. பதிலை அவனுக்கே எழுதியிருப்பேன். ஆனால் அவனுக்குத் தமிழ் வாசிக்க வராது. அதற்கு யார் பொறுப்பு என்று இந்தக் கடிதத்தில் எழுதப்போவதில்லை. நீ வாசித்து அவனுக்கு விளங்கப்படுத்து. விளங்கப்படுத்துவதற்கு முன்னர் நீயும் ஒரு தடவை ஆறுதலாக வாசி.

மனிதக் காதுக்கு 20,000 ஹேட்ஸுக்கு மேற்பட்ட மீடிறன் கேட்காது. அதற்கு அப்பாற்பட்டதைத்தான் நாங்கள் வகுப்பில் கழியொலி என்று படிப்பித்தோம். வயிற்றை ஸ்கான் செய்யும்போது பெரும்பாலும் 3.5 மெகாஹேட்ஸ் அளவில், அதாவது செக்கனுக்கு முப்பத்தைந்து இலட்சம் அதிர்வுகளாக, ஒலியை அனுப்புகிறார்கள். உடலின் மென்மையான இழையங்களில் ஒலியின் வேகம் சராசரியாக செக்கனுக்கு 1540 மீற்றர் என்று எடுத்துக்கொண்டால் அலைநீளம் ஏறத்தாழ 0.44 மில்லிமீற்றர் வரும். சின்னவனைக் கொண்டே பிரித்துப் பார்க்கச் சொல். கணிப்பானை எடுக்க விடாதே. மீடிறனைக் கூட்டினால் அலைநீளம் குறைந்து படம் துல்லியமாகும், ஆனால் ஒலி ஆழத்துக்குப் போகாமல் மேலேயே உறிஞ்சப்பட்டுவிடும். ஆகையால் கழுத்திலுள்ள தைரொயிட்டுக்கு உயர்ந்த மீடிறனும், ஈரல் போல ஆழத்தில் கிடப்பவற்றுக்குத் தாழ்ந்த மீடிறனும் வைக்கிறார்கள்.

இந்த ஒலியை உண்டாக்குவது ஒரு பளிங்கு. சில பளிங்குகளை அழுத்தினால் அவற்றின் முகங்களில் மின்னேற்றம் தோன்றுகிறது என்பதை 1880ஆம் ஆண்டில் ஜாக், பியர் கியூரி என்ற சகோதரர்கள் கண்டுபிடித்தார்கள். மறுதலையாக மின்னைக் கொடுத்தால் அதே பளிங்கு சுருங்கி விரியும். ஆகவே வயிற்றின் மேல் வைக்கும் புரோப் என்ற முனைக்குள் இருக்கும் ஒரே பொருள்தான் வாயாகவும் காதாகவும் வேலை செய்கிறது. இரண்டையும் ஒரே நேரத்தில் செய்ய அதனால் முடியாது. ஒரு மைக்ரோசெக்கனுக்கும் குறைந்த நேரம் ஒலியை விட்டுவிட்டு, பதினைந்து சென்ரிமீற்றர் ஆழத்திலிருந்து எதிரொலி திரும்பி வருவதற்கு ஏறத்தாழ 195 மைக்ரோசெக்கன் காத்திருக்கும். கணக்குப் பார்த்தால், நூறில் ஒரு பங்கு நேரம்கூட அது பேசுவதில்லை; மிச்ச நேரமெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறது. இதை எத்தனையோ வகுப்புகளுக்குப் படிப்பித்திருக்கிறேன். வீட்டில் நான் இருந்த விதம் இதற்கு நேர்மாறானது என்பதை நீ சொல்லத் தேவையில்லை.

எதிரொலி ஏன் வருகிறது என்பதையும் அவன் எழுத வேண்டும். ஒவ்வொரு ஊடகத்துக்கும் ஒலித்தடங்கல் என்று ஒன்று உண்டு. அது அடர்த்தியையும் ஒலியின் வேகத்தையும் பெருக்கி வருவது. இரண்டு ஊடகங்கள் சந்திக்கும் இடத்தில் தடங்கல் எவ்வளவு வேறுபடுகிறதோ அவ்வளவு ஒலி தெறிக்கும். கொழுப்பும் தசையும் சந்திக்கும் இடத்தில் நூறில் ஒரு பங்குதான் தெறிக்கும். மிச்சம் உள்ளே போகும். தோலுக்கும் காற்றுக்கும் இடையிலோ 99.9 வீதம் தெறித்துவிடும். வயிற்றில் ஜெல் பூசுவது இதற்காகத்தான். தலைமயிர் அளவு காற்று இடையில் நின்றாலும் உள்ளே ஒன்றும் தெரியாது. வெறும் வயிற்றோடு வரச் சொல்வதற்கும் காரணம் உண்டு. சாப்பிட்டால் குடலில் காற்றுச் சேர்ந்து ஒலியை மறிக்கும், பித்தப்பையும் சுருங்கிவிடும். ஆறு மணித்தியாலமாவது சாப்பிடாமல் காலையில் போவது நல்லது. இதைச் சின்னவனுக்கு எழுதவில்லை என்பது உனக்கு விளங்கும்.

சரித்திரத்தையும் கொஞ்சம் எழுதச் சொல். எங்கள் அப்பு டொக்யார்ட்டில் வேலை செய்தபோது பிரித்தானியக் கப்பல்களில் ‘அஸ்டிக்’ என்ற கருவி இருந்ததாகவும், அது தண்ணீருக்குள் ஒலியை அனுப்பி நீர்மூழ்கிகளைத் தேடியதாகவும் சொல்வார். அதே யோசனைதான் பிறகு ஆஸ்பத்திரிக்குள் வந்தது. கிளாஸ்கோவில் இயன் டொனால்ட் என்ற மகப்பேற்று வைத்தியர், உலோகத்திலுள்ள வெடிப்புகளைக் கண்டுபிடிக்கும் கருவி கொதிகலன் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் இருப்பதை அறிந்து, வெட்டி எடுத்த கட்டிகளை 1955இல் அங்கே கொண்டுபோய்ப் பரிசோதித்தார். மக்விக்கார் என்ற வைத்தியரோடும் ரொம் பிரவுண் என்ற பொறியியலாளரோடும் சேர்ந்து 1958இல் லான்செட் சஞ்சிகையில் அவர் கட்டுரை வெளியிட்டார். அவர்கள் பார்த்தவர்களில், வயிற்றுப் புற்றுநோய் முற்றிவிட்டது, இனிச் செய்வதற்கொன்றுமில்லை என்று கைவிடப்பட்ட ஒரு பெண் இருந்தார். ஒலி காட்டியது புற்றையல்ல, நீர் நிறைந்த பெரிய சூலகக் கட்டியை. அதை வெட்டி எடுத்தார்கள். அந்தப் பெண் பிழைத்தார். பயந்து பார்க்காமல் விட்டிருந்தால் அவர் கதை அன்றே முடிந்திருக்கும்.

இதற்கும் முந்திய கதை ஒன்று உண்டு. 1761இல் வியன்னாவில் அவுன்புருகர் என்ற வைத்தியர், நோயாளியின் நெஞ்சை விரலால் தட்டி, வரும் ஓசையைக் கொண்டு உள்ளே நீர் இருக்கிறதா என்று அறியலாம் என எழுதினார். அவருடைய தகப்பன் மதுச்சாலை வைத்திருந்தவர். பீப்பாயைத் தட்டி உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பதைச் சிறு வயதில் கண்டு பழகியதால்தான் அந்த யோசனை வந்தது என்பார்கள். நிலாவெளி வீதியில் வத்தகைப் பழம் வாங்கும்போது நானும் அப்படித்தான் தட்டிப் பார்ப்பேன். உன் பெரியப்பாவின் வயிற்றையும் வைத்தியர் அப்படித்தான் தட்டிப் பார்த்தார். செங்கமாரி என்று கீழ்காய்நெல்லி அரைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தோம். அது வயிற்றில் நீர் கட்டும் மகோதரம் என்று தெரிய வந்தபோது சித்திரை பிறந்துவிட்டது. அவர் இறந்தபோது அவருக்கு நாற்பத்தாறு வயது. உனக்கு வருகிற தை மாதம் நாற்பத்திரண்டு.

இனி ஈரலைப் பற்றி எழுதுகிறேன். சின்னவன் ஈரலைக் கேட்கவில்லை என்பது எனக்கும் தெரியும். நல்ல ஈரல் திரையில் மங்கிய சாம்பல் நிறமாக, பக்கத்திலுள்ள வலது சிறுநீரகத்தின் புறப்பகுதியை ஒத்தோ அதைவிடச் சிறிது வெளிறியோ தெரியும். கொழுப்புச் சேர்ந்தால், கண்ணுக்குத் தெரியாத கொழுப்புத் துளிகள் ஒலியை எல்லாத் திசைகளிலும் சிதறடிப்பதால் ஈரல் வெள்ளையாகத் தோன்றும். அதே சிதறலால் ஒலி ஆழத்துக்குப் போகாமல் பின்பகுதி இருண்டுபோகும். மார்கழிப் புகாரில் கந்தளாய் வீதியில் நாங்கள் வந்த பஸ்ஸை நினைத்துப் பார். விளக்கைப் போட்டவுடன் முன்னால் எல்லாம் வெள்ளையாகியது, பத்து யாருக்கு அப்பால் வீதியே இல்லை. அதேதான் இதுவும்.

இந்தக் கொழுப்பு சீனி வியாதியாலும் வரும், உடற்பருமனாலும் வரும், வேறு காரணத்தாலும் வரும். படம் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். எதிரொலிக்குக் கொழுப்புத் தெரியும், அது எங்கிருந்து வந்தது என்பது தெரியாது. அதை வைத்தியருக்கு ஆள்தான் வாய் திறந்து சொல்ல வேண்டும்.

கொழுப்போடு நிற்கிறதா, ஈரல் இறுகத் தொடங்கிவிட்டதா என்று பார்ப்பதற்கு இப்போது இன்னொரு முறை இருக்கிறது. வலது கையைத் தலைக்குப் பின்னால் வைத்துப் படுக்கச் சொல்லி, விலா எலும்புகளுக்கு இடையில் ஒரு முனையை வைத்து 50 ஹேட்ஸில் மெல்ல ஒரு தட்டுத் தட்டுவார்கள். அந்தத் தட்டு ஈரலுக்குள் அலையாகப் போகும் வேகத்தைக் கழியொலி அளக்கும். அடர்த்தியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கி, மூன்றால் பெருக்கினால் இறுக்கம் வரும். அலை செக்கனுக்கு 1.3 மீற்றர் போனால் ஏறத்தாழ 5 கிலோபஸ்கால், பயமில்லை. 2 மீற்றர் போனால் 12, அது யோசிக்க வேண்டிய இலக்கம். பத்துத் தடவை தட்டுவார்கள், நோகாது. கதிர்வீச்சும் இல்லை, ஊசியும் இல்லை. மூன்று மணித்தியாலம் சாப்பிடாமல் போனால் போதும். காலையிலேயே போய்விடு.

தம்பி, வீடு சின்னது, தொலைபேசியின் குரல் பெரியது. மருமகள் அம்மாவிடம் சொன்னதை நான் விறாந்தையில் இருந்து கேட்டேன். ஆறு மாதத்தில் திரும்பி வரச் சொன்ன ஸ்கானுக்கு நீ போகவில்லை என்பதையும் கேட்டேன், அதற்குப் பிறகு அவள் அழுதுகொண்டு சொன்னதையும் கேட்டேன். அவளைக் கோபிக்காதே. அவள் உன்னைக் குறை சொல்லவில்லை.

இரண்டு கிழமையாக உன்னைப் பேசுவதற்கு வசனங்கள் சேர்த்துக்கொண்டிருந்தேன். படித்தவன், பொறுப்பானவன், ஊரே மெச்சிய பிள்ளை என்றெல்லாம். ஆனால் எழுத இருந்தபோது, சந்தைப் பையில் மேலே கீரையை வைத்துக்கொண்டு ஒழுங்கையால் வருகிற பதின்மூன்று வயதுப் பிள்ளைதான் கண்ணுக்குள் நின்றான். அந்தக் கீரைக்குக் கீழே என்ன இருந்தது என்று உனக்கும் எனக்கும் கடைக்காரனுக்கும் தெரியும். உன்னை அனுப்பியவன் நான். கிணற்றடியில் நீ கண்டதைப் பற்றியும் நான் உன்னோடு ஒரு நாளும் கதைத்ததில்லை.

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். நீ கனடா போன பின் 2009இல் எனக்கும் வயிற்றை ஸ்கான் செய்தார்கள். புரோப்பைப் பிடித்திருந்தவள் என்னிடம் படித்த பிள்ளை. படத்தைப் பார்த்துக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “சேர், எடுக்கிறனீங்களோ?” என்று குனிந்துகொண்டு கேட்டாள். இல்லை என்றேன். கேட்டதற்காக அவளே வெட்கப்பட்டு, சீனி வியாதியால் இருக்கலாம் என்று எழுதித் தந்தாள். அந்த அறிக்கையை மடக்கை அட்டவணைப் புத்தகத்துக்குள் வைத்தேன். ஒலித்தடங்கலைக் கரும்பலகையில் எத்தனையோ தரம் எழுதிக் காட்டியவன், தனக்கும் அந்தக் கருவிக்கும் நடுவில் ஒரு பொய்யை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

நான் விட்டது கோணேசருக்கு வைத்த நேர்த்தியால் என்று அம்மா இன்றும் எல்லோருக்கும் சொல்கிறார். நேர்த்தி உண்மைதான். அதற்கு முன்னர் ஒரு நாள், சங்கக் கூட்டம் என்று பொய் சொல்லி, மூதூர் வழியாக பஸ்ஸில் மட்டக்களப்புக்குப் போனேன். என்னைச் ‘சேர்’ என்று கூப்பிடாத ஒருவரிடம், எத்தனை வருடம், ஒரு நாளைக்கு எவ்வளவு என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முகம் சுளிக்கவில்லை, எழுதிக்கொண்டார், அவ்வளவுதான். திடீரென்று ஒரே நாளில் நிறுத்தாதீர்கள், அதுவும் ஆபத்து, நான் சொல்லுகிறபடி செய்யுங்கள் என்றார். நீயும் உன் பாட்டில் எதுவும் செய்யாமல் வைத்தியரைக் கேட்டே செய். மூன்று வருடம் கழித்துத் திரும்பப் பார்த்தபோது என் ஈரல் சாம்பல் நிறத்துக்கு வந்திருந்தது. இறுகிப்போகாத ஈரல் அப்படித் திரும்பும். அந்த இரண்டு படங்களையும் இதோடு அனுப்புகிறேன். முதலாவதில் வெள்ளையாக இருப்பதும் நான்தான். சின்னவனின் செயற்றிட்டத்துக்கு வேண்டுமானால் பெயரை வெட்டிவிட்டு ஒட்டிக்கொள்ளட்டும்.

திகதியை எடுத்துவிட்டு எனக்குச் சொல். காலையில், சாப்பிடாமல் போ. அவர்கள் கேட்டால் உள்ளதைச் சொல். உன்னிடம் படித்தவர்கள் யாரும் அங்கே இருக்கப்போவதில்லை.

வெள்ளிக்கிழமைகளில் எங்கள் நேரம் மாலை ஐந்து மணிக்கு அம்மா பத்திரகாளி அம்மன் கோயிலுக்குப் போனால் வர ஏழு மணியாகும். அந்த நேரத்தில் எடு. இந்தக் கடிதம் எழுதியது அவருக்குத் தெரியாது.

இப்படிக்கு,
அப்பா