பொருள்: 64 டி-ஷர்ட்டில் எங்கள் அப்பத்தாவைப் பேயாக்கியது குறித்து

பெறுநர்: வாடிக்கையாளர் சேவை மேலாளர், திருப்பூர்

ஐயா / அம்மா,

வணக்கம். இது நான் எழுதும் நாலாவது மெயில். முதல் மூன்றுக்கும் 'உங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது' என்ற ஒரே பதில்தான் வந்தது. போனில் பதினொரு முறை பேசியாகிவிட்டது. ஒவ்வொரு முறையும் புது ஆள், முதலில் இருந்து கதை. இனி வாய் வலிக்கச் சொல்ல என்னால் முடியாது, எழுதிவிடுகிறேன்.

எங்கள் அப்பத்தாவுக்கு 90 வயது நிறைவு. பேரன், பேத்தி, கொள்ளுப்பேரன் எல்லாருக்கும் சேர்த்து 64 டி-ஷர்ட். மெரூன் துணி, நெஞ்சில் வெள்ளையில் அப்பத்தா முகம், கீழே மஞ்சளில் 'அப்பத்தா 90'. 18,740 ரூபாயையும் முன்னாடியே கட்டினேன்.

விழாவுக்கு முதல் நாள் ராத்திரி பார்சல் வந்தது. பிரித்தால், அப்பத்தாவின் நரைமுடி மெரூன் நிறத்தில் இருக்கிறது, கண்மணி இரண்டும் பளீரென்று வெள்ளை. எக்ஸ்ரே படம்தான். அப்பத்தாவே ஒன்றை எடுத்து லைட்டுக்குக் கீழே பிடித்துப் பார்த்துவிட்டு, "இது யாருய்யா, கண்ணு மட்டும் எரியுது?" என்று கேட்டார். சேலைக்கு மேலேயே போட்டுக்கொள்கிறேன் என்று ஆசையாக இருந்தவர் அதற்கப்புறம் தொடவில்லை.

கேட்டால் உங்கள் ஆள் சொல்கிறார், "ஃபார்ம்ல இன்வெர்ட் டிக் பண்ணலையே சார்." எனக்குத் தெரிந்த இன்வெர்ட்டர் கரண்ட் போனால் ஓடுவது. அந்த ஃபார்மில் அண்டர்பேஸ், ஹாஃப்டோன், மெஷ் என்று வரிசையாகக் கட்டம். ஒன்றுக்காவது பக்கத்தில் ஒரு வரி விளக்கம் உண்டா? 'ஸ்டிரைக்-ஆஃப் வேண்டுமா' என்று இருந்தது. ஆர்டரையே ரத்து செய்வதாக்கும் என்று 'வேண்டாம்' போட்டேன். அது மொத்தமாக அடிக்கும் முன் மாதிரிக்கு ஒன்று அடித்துக் காட்டுவதாம்! வேண்டாம் என்று எவனாவது சொல்வானா?

சரி, எனக்குத் தெரியாது. உங்களுக்குமா தெரியாது? வெள்ளைத் துணியில் கறுப்பு இங்க் அடித்தால் நிழல் விழும் இடத்தில் இங்க் விழ வேண்டும். அடர் நிறத் துணியில் வெள்ளை அடித்தால் வெளிச்சம் விழும் இடத்தில் விழ வேண்டும். படத்தில் வெளிச்சத்தையும் நிழலையும் மாற்றிப் போட்டு, அதாவது இன்வெர்ட் செய்து, ஃபிலிம் எடுக்க வேண்டியது உங்கள் வேலை. துணி மெரூன், இங்க் வெள்ளை என்று ஆர்டரிலேயே இருக்கிறதே. 64 அடித்து முடிக்கும் வரை அந்தப் பட்டறையில் ஒருவர்கூட முகத்தைப் பார்க்கவில்லையா?

ஆறாவது தடவை எடுத்த தம்பி சொன்னதுதான் இன்னும் காதில் நிற்கிறது. "டி-ஷர்ட் அடிக்கக் கொடுக்கறதுக்கு முன்னாடி கொஞ்சம் படிச்சிட்டு வந்திருக்கலாம்ல?" நான் முப்பது வருஷமாக ஒட்டன்சத்திரம் காய்கறி மண்டியில் கணக்கு எழுதுகிறேன். ரகத்தின் பேர் தெரியாமல் ஏன் தக்காளி வாங்க வந்தாய் என்று இதுவரை எந்த வியாபாரியும் யாரையும் கேட்டதில்லை. அந்த அழைப்பு பதிவாகியிருக்கும், தயவுசெய்து நீங்களே கேட்டுப் பாருங்கள்.

'நேரில் வாங்க, முடித்துத் தருகிறோம்' என்றதால் கட்டைப்பையில் பத்து சட்டையோடு தாராபுரம் வழியாகப் பஸ் பிடித்து வந்தேன். மண்டியில் ஒரு நாள் லீவு. வாசலில் செக்யூரிட்டி, "கஸ்டமர் கேர் இங்க இல்லீங்க, ஆன்லைன்ல போடுங்க" என்று திருப்பி அனுப்பினார். எதிர் டீக்கடையில் ஒரு பிரிண்டிங் டேபிள்காரர் சட்டையை வாங்கிப் பார்த்தார். பத்து நிமிஷத்தில், நீங்கள் பதினொரு போனில் சொல்லாததைச் சொல்லிவிட்டார். மஞ்சள் ஏன் செங்கல் நிறத்தில் தெரிகிறது என்றால், அடியில் வெள்ளை அடித்து, சூடு காட்டிக் காய விட்டு, அதன் மேல் மஞ்சள் அடிக்கவில்லை. அந்த அடி வெள்ளைதான் அண்டர்பேஸ். முகம் அம்மை போட்டது போல் இருப்பதற்குக் காரணம், இங்க் இறங்கும் வலையான மெஷ்ஷில் சென்டிமீட்டருக்கு 43 இழை உள்ளதில் அடித்திருப்பீர்கள், முகத்தை உருவாக்கும் பொடிப் புள்ளிக்கு 77, 90 என்று நெருக்கமானது வேண்டும் என்றார். எழுத்தை இரண்டு கையாலும் இழுத்தார். வெடித்தது. பிளாஸ்டிசால் இங்க் சுமார் 160 டிகிரியில் அடிவரை வெந்தால்தான் நிற்குமாம்.

அப்புறம்தான் பில்லைப் பார்த்தேன். ஸ்கிரீன், அதாவது மெஷ் கட்டிய அச்சுச் சட்டம், அதற்குச் சார்ஜ் 700 வீதம் மூன்று, 2,100 ரூபாய். வெள்ளைக்கு ஒன்று, மஞ்சளுக்கு ஒன்று. மூன்றாவது 'அண்டர்பேஸ்' என்று உங்கள் பில்லிலேயே அச்சாகியிருக்கிறது. அடிக்காத அண்டர்பேஸுக்கு ஏன் காசு வாங்கினீர்கள்?

உங்களோடு சண்டை போட எனக்கு ஆசை இல்லை. 64 சட்டையும் சரியாக அடித்துத் தாருங்கள், இல்லையென்றால் முழுப் பணத்தையும் திருப்புங்கள். பஸ் செலவும் ஒரு நாள் சம்பளமும் தனி. விழா வீடியோ முழுக்க எல்லாரும் பழைய சட்டையில் நிற்கிறோம், ஐந்து லட்சம் கொடுத்தாலும் அது ஈடாகாது. பதினைந்து நாளில் பதில் இல்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைப்பேன், அப்புறம் திண்டுக்கல் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். இந்த முறை தாராபுரம் பஸ்ஸில் நீங்கள் ஏற வேண்டியிருக்கும்.

திரும்ப அடிப்பதாக இருந்தால் பழைய சைஸ் பட்டியலே போதும். ஸ்டிரைக்-ஆஃப் வேண்டும். அதை முதலில் அப்பத்தாவிடம் காட்டுவேன்.

இப்படிக்கு,
ஆர்டர் கொடுத்த பேரன்,
ஒட்டன்சத்திரம்.