மருமகளுக்கு: இரண்டாவது ஸ்டார்ட்டைப் பற்றி

அன்புள்ள மருமகளே,

கோயம்புத்தூரிலிருந்து நீ அனுப்பிய நீளமான வாட்ஸப்பை அத்தை வாசித்துக் காட்டினாள். கன்னியாகுமரியிலிருந்து லே வரை போகணும், மண் ரோட்டிலும் ஓடுகிற பெரிய ஒற்றை சிலிண்டர் வண்டி வேணும். ராயல் என்ஃபீல்டின் பழைய ஹிமாலயன் 411-ஆ, புது ஹிமாலயன் 450-ஆ, இல்லை நம்ம ஷெட்டில் நிற்கிற புல்லட்டா என்று கேட்டிருக்கிறாய். போனில் சொன்னால் "சரி மாமா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் பொதுவில் எழுதுகிறேன்.

ஷோரூம் வாசலில் ஸ்டார்ட் ஆகாத வண்டி கிடையாது. நான் பார்ப்பது இரண்டாவது ஸ்டார்ட்டை. ஏற்றத்தில், எஞ்சின் கொதிக்கிற நேரத்தில், பின்னால் மூட்டை கட்டிய பாரத்தோடு நின்றுபோனதே, அது மறுபடி எழும்புமா?

இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தது ஒரு காட்டுமாடு. பூம்பாறை போகிற ரோட்டில், ஒரு வளைவு திரும்பியதும் நடு ரோட்டில் நின்றது. நானும் நின்றேன், புல்லட் ஆஃப். மாடு சாவகாசமாகக் காட்டுக்குள் இறங்கிவிட்டது, எனக்குத்தான் பதற்றம். ஆக்சிலரேட்டரை முறுக்கிக்கொண்டே கிக்கர் இருந்த இடத்திலிருந்து ஓங்கி உதைத்தேன். கிக்கர் திருப்பி உதைத்தது. கணுக்கால் வீங்கி இரண்டு வாரம் நொண்டினேன். டைமிங்கை, அதாவது பிளக் தீப்பொறி விடும் நேரத்தை, அளவுக்கு மேல் முன்னால் வைத்திருந்தவனும் நானே, ஆகையால் யாரையும் திட்ட முடியவில்லை. பூண்டு வயலிலிருந்து ஏறி வந்த ஒரு பெரியவர், "ஏன் சார் மல்லுக்கட்டுறீங்க, இறக்கத்துல திருப்புங்க" என்றார். திருப்பி, இரண்டாவது கியரில் உருட்டி கிளட்சை விட்டதும் எழும்பிவிட்டது.

நீ ஒல்லி என்று கவலைப்படுகிறாய். கிக்கருக்கு வேண்டியது பிஸ்டன் எங்கே நிற்கிறது என்ற கணக்கு. சாவியைப் போட்டு கிக்கரை மெதுவாக அமுக்கிக்கொண்டே மின்னோட்டம் காட்டுகிற ஆம்மீட்டரின் முள்ளைப் பார். ஒரு பக்கம் சாய்ந்திருந்த முள் நடுவுக்கு வந்தால் பாயின்ட் (பிளக்குக்குத் தீப்பொறி தருகிற சுவிட்ச்) திறந்துவிட்டது, பிஸ்டன் காற்றை அமுக்குகிற கம்ப்ரஷனில் உச்சியை ஒட்டி நிற்கிறது என்று அர்த்தம். அங்கிருந்தே உதைத்தால் சுவரை உதைக்கிற மாதிரி. சிலிண்டரின் அழுத்தத்தை வெளியே விடுகிற டீகம்ப்ரஷன் லிவரைப் பிடித்து, கிக்கரை இன்னும் கொஞ்சம் தள்ளி உச்சியைத் தாண்ட வை. லிவரை விடு, கிக்கர் முழுக்க மேலே வரட்டும். இப்போது கைப்பிடியை முறுக்காமல், உடம்பு எடையை இறக்கி ஒரே மிதி. அடுத்த கம்ப்ரஷன் வர கிராங்க் (பிஸ்டன் சுழற்றுகிற தண்டு) ஏறக்குறைய இரண்டு சுற்று சுற்ற வேண்டும். அதற்குள் அதோடு சுற்றுகிற கனமான சக்கரம், ஃப்ளைவீல், வேகம் பிடித்துவிடும். உன் எடை தாராளமாகப் போதும்.

சூடான எஞ்சினுக்கு சோக் வேண்டாம். பெட்ரோல் வாடை அடித்தால் டேப்பை மூடி, லிவரைப் பிடித்து, ஆக்சிலரேட்டரை முழுக்கத் திறந்து ஐந்தாறு மிதி மிதி. உள்ளே தேங்கியது வெளியே போகும். பிறகு முன்பு சொன்ன கணக்கு. கொடைக்கானல் 2,100 மீட்டர் உயரம், காற்றின் அடர்த்தி சமவெளியை விட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கீழே வத்தலக்குண்டில் டியூன் பண்ணின கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலக்கிற பாகம்) இங்கே பெட்ரோலை அதிகமாக ஊற்றும். பிளக் கரி பிடித்து வருவது அதனால்தான்.

ஒரு ஜெர்மன்காரர் யமஹா எக்ஸ்டி 500-இல் பெருமாள்மலை டீக்கடைக்கு வந்தது உனக்குத் தெரியாது, நீ அப்போது பிறக்கவில்லை. 1976-இல் வந்த மாடல், 1979-இல் முதல் பாரிஸ்–டக்கார் பந்தயத்தை ஜெயித்தது. அந்த வண்டியில் சிலிண்டர் ஹெட் பக்கவாட்டில் ஒரு குட்டிக் கண்ணாடி ஜன்னல்; கேம் ஷாஃப்ட்டில் இருக்கிற குறி அதில் தெரிந்தால் உதைக்கலாம். நமக்கு ஆம்மீட்டர் முள், அவருக்கு ஜன்னல். பொறாமையாக இருந்தது.

ஆனாலும் புல்லட்டைத் தரமாட்டேன். கற்களில் அடி இடிக்கும். லே போகிற வழியில் 5,000 மீட்டருக்கு மேல் போனால் காற்று சமவெளியில் இருப்பதில் பாதிக்குக் கொஞ்சம்தான் அதிகம், கார்புரேட்டர் உன்னை அழவைக்கும்.

ஹிமாலயன் இரண்டிலும் கிக்கர் கிடையாது. கார்புரேட்டருக்குப் பதில் மின்சாரத்தால் பெட்ரோலைப் பீய்ச்சுகிற இன்ஜெக்‌ஷன் வண்டியில் பேட்டரி சுத்தமாக இறங்கிவிட்டால் பெட்ரோல் பம்ப் ஓடாது, பெரியவர் சொன்ன இறக்கமும் கைகொடுக்காது. பேட்டரிதான் உன் கிக்கர். வண்டி இரவெல்லாம் நின்ற பிறகு 12.6 வோல்ட் காட்ட வேண்டும், எஞ்சின் ஓடும்போது 14-ஐ ஒட்டி. கையடக்க ஜம்ப் ஸ்டார்ட்டர் ஒன்று பையில் இருக்கட்டும்.

450 நல்ல வண்டிதான்: 40 குதிரைசக்தி, 17 லிட்டர் டேங்க். ஆனால் சீட் 825 மில்லிமீட்டர். 411-க்கு 800. குறுக்குச் சரிவில் நிற்கும்போது அந்த ஒரு அங்குலம்தான் உன் பாதம் தரையைத் தொடுமா என்று முடிவு செய்யும். 411-க்கு 24 குதிரைசக்திதான், ஆனாலும் எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போதே நன்றாக இழுக்கும். 2017-க்குப் பிறகு வந்த இன்ஜெக்‌ஷன் 411 ஒன்றைத் தேடு. பார்க்கப் போகும்போது அரைமணி நேரம் ஓட்டி, ஏற்றத்தில் நிறுத்தி, ஆஃப் பண்ணி, பத்து நிமிடம் கழித்து ஸ்டார்ட் பண்ணிப் பார். விற்கிறவர் முகம் சுளித்தால் வந்துவிடு.

சனிக்கிழமை பழனி வழியாக பஸ்ஸில் வா. சொந்த வண்டி என்றால் கொடைக்கானலுக்குள் வர ஈ-பாஸ் எடுக்கணும். பெருமாள்மலையில் புல்லட்டோடு நிற்கிறேன். கணுக்காலை மூடுகிற ஷூ போட்டு வா. செருப்போடு வந்தால் கிக்கரைத் தொடவிடமாட்டேன்.

அன்புடன்,
மாமா