யாகுஷி-ஜி கிழக்குக் கோபுரம்: திருப்பணி நிறைவு அறிக்கை

உறுப்பினர்களுக்கு வணக்கம். ஜப்பானின் நாரா நகரில், யாகுஷி-ஜி கோயிலின் கிழக்குக் கோபுரத் திருப்பணி நிறைவேறியது. வேலை தொடங்கியது 2009இல். 2020 ஏப்ரலுக்குக் குறித்திருந்த நிறைவு விழா கொரோனாவால் தள்ளிப்போய் 2023 ஏப்ரலில் நடந்தது.

கோயிலே ஒரு நேர்த்திக்கடன்தான். 680இல் பட்டத்தரசி நோயில் விழுந்தபோது, பேரரசர் தென்மு மருத்துவ புத்தருக்குக் கோயில் எடுப்பதாக நேர்ந்துகொண்டார். அரசி பிழைத்தார், 686இல் காலமானவர் அரசர். கடனைத் தொடர்ந்து செலுத்தியவர் அந்த அரசியே, பேரரசி ஜித்தோவாக. 710இல் தலைநகர் நாராவுக்கு மாற, 718இல் கோயிலும் மாறியது. நேர்ந்த கதை கலசத் தண்டில் 129 எழுத்துகளில் பொறித்திருக்கிறது.

பழைய கோபுரத்தைப் பிரித்துக் கொண்டுவந்தார்களா, புதிதாகக் கட்டினார்களா என்பது நெடுநாள் வழக்கு. மரமே தீர்ப்புச் சொல்லிவிட்டது. மரம் ஆண்டுக்கு ஒன்றாக இடும் வளையங்களில், நடுத்தூணில் மிஞ்சியுள்ள கடைசி வளையம் 719ஆம் ஆண்டுக்குரியது. முதல் தள விதானப் பலகைகள் 729, 730ஐக் காட்டின. ஆக, நாராவில் புதிதாகக் கட்டியதே. 1528 தீயில் மேற்குக் கோபுரம் போய்விட்டதால், இங்கே 8ஆம் நூற்றாண்டிலிருந்து நிற்பது இது ஒன்றுதான்.

உயரம் சுமார் 34 மீட்டர். கூரையை எண்ணி ஆறு தளம் என்பவர்கள் உண்டு. தளம் மூன்றே, ஒவ்வொன்றின் கீழும் ஒரு சிறு சாய்ப்பு.

கேடு அடியில்தான் அதிகம். நடுத்தூணின் அடிப்பகுதியைக் கரையான் உள்ளுக்குள் அரித்துக் கூடாக்கியிருந்தது. வெளியே நின்று பார்த்தால் தெரியாது. கெட்டதை மட்டும் எடுத்துப் புது மரம் கொடுத்து, பழைய தூணையே மறுபடி நிறுத்தினர். கழற்றும்போது ஒவ்வொரு துண்டுக்கும் எண் கட்டாயம். எல்லாம் கையால் செதுக்கிய பொருத்துகள்; ஒரே அளவாகத் தெரியும் இரண்டை இடம் மாற்றிப் பூட்டினால் வாய் சேராது, அந்தப் பிசகு மேலே போகப்போகப் பெருகும்.

மண்ணை அடுக்கடுக்காக இடித்துக் கெட்டித்த பழைய மேடை ஒருபக்கமாக அமுங்கியிருந்தது. அதன் அடியில் 8ஆம் நூற்றாண்டு ஜப்பானிய நாணயமான வாதோ காசுகள் நான்கு கிடைத்தன, பூமி பூசையில் இட்டவை. அந்த மேடையை இடிக்கவில்லை. மேலே புது மேடை மூடியிருக்கிறது.

உச்சியில் நான்கு வெண்கலத் தகடுகள், அவற்றில் பறக்கும் தேவர்கள் 24 பேர். வடிவம் சுடர், பெயரோ ‘நீர்ச்சுடர்’: மரக்கோபுரத்தின் தலையில் நெருப்பின் பெயரைச் சொல்வார்களா? பழைய தகடுகள் பழுதடைந்ததால், முப்பரிமாண முறையில் அளவெடுத்து, தக்காவோகா வார்ப்புக் கலைஞர்கள் புதியவற்றை வார்த்தனர். கீழே குழலூதும் தேவரை, பழைய தகடு இறங்கிய பிறகுதான் கண்ணெதிரே பார்க்க முடிந்தது.

1981இல் மீண்டும் எழுந்த மேற்குக் கோபுரத்தில் கம்பிப் பலகணிகள் இருக்கின்றன. கிழக்கில் அந்த இடங்கள் முன்போலவே வெள்ளைச் சுவராக விடப்பட்டுள்ளன.

— திருப்பணிக் குழு